காணாமற்போனவர்களுக்குக் கல்லறை இல்லாத ஊரில் பங்கு என்ன செய்யலாம்?

அலைவாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் குமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஓகிப் புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளில் பல திரும்பவே இல்லை. அந்த நாட்களில் பங்குதான், அதாவது எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலும் அதன் சபையும்தான், எங்களைத் தாங்கியது. காணாமற்போனவர்களின் பட்டியல் கோயில் வளாகத்தில்தான் எழுதப்பட்டது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அருட்தந்தையர்களும் கூடவே உட்கார்ந்தார்கள்.

ஆண்டுகள் போய்விட்டன. நிவாரணப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. உள்ளே இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் அன்பியத்தில் (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) ஒரு அக்கா, திரும்பி வராத கணவரின் கைப்பேசி எண்ணுக்கு இன்றும் ரீசார்ஜ் செய்கிறார். அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். மிதந்து உயிர் தப்பி வந்த ஒருவர் இருக்கிறார். காற்று பலமாக வீசினால் திருப்பலியின் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விடுவார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, 'நீ பிழைத்து வந்தவன்தானே' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பங்குப் பேரவையில் இப்போது மனநலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்திருக்கிறது. மூன்று நாள் குணமளிக்கும் தியானம் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். நாகர்கோவிலிலிருந்து ஆலோசகர் ஒருவரை அழைத்து ஒரு நாள் கருத்தரங்கு நடத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே வந்து போகிற காரியங்களாக எனக்குத் தெரிகின்றன. ஆஸ்பத்திரியால் முடியாத எதைப் பங்கால் செய்ய முடியும்? எதில் பங்கு கை வைக்கவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் பயிற்சி பெற்ற செவிலி நான். 1957-இல் தொடங்கிய அந்த மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருப்பார். நோயாளிகளைச் சுவருக்குள் அடைத்து வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. நோய் இன்னது, மாத்திரை இதற்கு, வீட்டில் இப்படிப் பேசுங்கள் என்று குடும்பத்துக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். எங்களிடம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் நிலை, பிறகு அவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும். பங்கின் வேலை அங்கேதான் இருக்கிறது.

கருத்தரங்கு யோசனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரிடருக்குப் பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்துக் கொட்டித் தீர்க்கச் செய்யும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது தெளிவாகச் சொல்கிறது. பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம். அதற்குப் பதிலாக உளவியல் முதலுதவியைச் சொல்கிறார்கள். 2011-இல் வந்த அந்தக் கையேட்டைத் தயாரித்ததில் வேர்ல்டு விஷன் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. மூன்றே வேலைகள்: கவனித்துப் பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது. அவராகச் சொன்னால் கேட்க வேண்டும், தோண்டக் கூடாது.

அது முதல் நாட்களுக்கானது. உங்கள் ஊரில் ஆண்டுகள் கடந்துவிட்டன. அதனால் அந்த மிதந்து வந்தவரைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. அதே காட்சி கண்முன் வருவது, கெட்ட கனவு, நினைவூட்டும் இடத்தைத் தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் துள்ளுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது நோய். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் தரும் உளவியல் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது, ஆண்டுகள் கழித்துத் தொடங்கினாலும் தருகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. முதலில் தொலைபேசியில் பேச நினைத்தால் டெலி மானஸ் எண் 14416. அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தேரிக்காட்டு ஆயர்

நான் தென்னிந்தியத் திருச்சபையில் சேகரகுரு, சில சபைகளைக் கவனிக்கும் போதகர். சகோதரி 'தோண்டக் கூடாது' என்று எழுதியதைப் படித்ததும் எங்கள் சாட்சி நேரம்தான் நினைவுக்கு வந்தது. யார் எழுந்து நின்றாலும் 'இருந்தேன், ஜெபித்தேன், விடுதலை பெற்றேன்' என்று முடிக்க வேண்டும். இன்னும் விடுதலை கிடைக்காதவருக்கு அந்த மேடையில் இடமே இல்லை. அவர் பின்வரிசையில் உட்கார்ந்து, தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இது வேதாகமத்தில் இல்லாத வழக்கம். சங்கீதம் 88-ஐ எடுத்துப் பாருங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசி வசனத்தில்கூட விடிவு இல்லை, ஆனாலும் அது ஜெபமாகவே நம் கையில் இருக்கிறது. புலம்பல் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அவற்றை எத்தனை பேர் வாசிக்கிறோம்?

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணீரும் வைக்கிறான், தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் பேசுவது அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்கு நடந்து போன பின்புதான். வீடு சந்திக்கப் போகும் டீக்கன்மாருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நான் இந்த வரிசையைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று முதலில் கேளுங்கள். வசனம் பிறகு.

மருந்துச்சீட்டு

ஆயர் ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இருமுனை மனநோய், மனம் சில காலம் அளவுமீறி எழும்பும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும். அதற்கான மருந்தாக லித்தியம் சாப்பிடுகிறேன், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஜெபிக்கவும் செய்கிறேன்.

முன்பு போய்க்கொண்டிருந்த சபையில் மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் முழுமையாகும் என்றார்கள். நிறுத்தினேன். தூக்கம் போனது. தூக்கம் போனதும் முழு இரவு ஜெபத்தில் எல்லாரையும் விட உற்சாகமாக நான் பாடினேன். அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்றார்கள். அது நோய் திரும்பிய அறிகுறி என்று என் மனைவிக்கு மட்டும் தெரிந்திருந்தது, அவள் பேச்சு எடுபடவில்லை. முடிவில் ஆம்புலன்சில்தான் போனேன்.

அலைவாய்க்கரை கேட்ட இரண்டாம் கேள்விக்கு என் பதில்: மாத்திரையில் கை வைக்கக் கூடாது. கூட்டச் சொல்லவும் வேண்டாம், குறைக்கச் சொல்லவும் வேண்டாம். லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் உடம்பில் நீர் குறைந்து, மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி, விஷமாகவே மாறலாம். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பலாம், தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு இரவுத் தூக்கமும் மருந்துதான். எங்களை முழு இரவு ஜெபத்துக்கு வற்புறுத்தாதீர்கள். உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கேட்டாயா என்று போதகரே கேட்டால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

இப்போது இருக்கும் சபையில் ஒரு முதியவர் என்னோடு புறநோயாளி வரிசையில் வந்து நிற்பார். மருத்துவர் அறைக்குள் வரமாட்டார். சீட்டு வாங்குவார், டீ வாங்கித் தருவார், மருந்தகத்தில் நிற்பார், பஸ் ஏற்றிவிடுவார். என் நோயின் பெயரை அவர் இதுவரை கேட்டதில்லை. சபை செய்யக்கூடியது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் அவரைத்தான் காட்டுவேன்.

இரவுப்பணி

மருந்துச்சீட்டு எழுதியதை எல்லாச் சபை அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். லித்தியம் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வழிபாட்டுத் தலங்களில் மனநோயாளிகளைத் தங்கவைப்பது எல்லா மதத்திலும் இருக்கிறது. நம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் எத்தனையோ குடும்பங்கள் நோயாளிகளைக் கூட்டி வந்திருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் எரிந்து போனார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிறகு பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. நம் திருத்தலங்களிலும் அப்படி ஒரு மருத்துவர் அறை இருந்தால் பக்திக்கு என்ன குறை வந்துவிடும்?

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அலைவாய்க்கரை, அந்தக் கைப்பேசி எண்ணைப் பற்றி வாசித்தபோது எங்கள் ஊர்த் தாய்மாரைப் பார்ப்பது போலவே இருந்தது.

எங்களுக்குக் கோயில் என்றால் அடைக்கலம். அடைக்கலம் தேடிய இடத்திலேயே அழிவையும் கண்டோம். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தின் மீது குண்டு விழுந்தபோது அங்கே ஒதுங்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே எங்களில் சிலருக்குக் கோயில் வளாகமே அந்த நினைவைக் கிளறும் இடம். 'கோயிலுக்கு வாருங்கள், ஆறுதல் கிடைக்கும்' என்று எல்லாரிடமும் ஒரே மாதிரிச் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போக வேண்டும்.

காணாமற்போனவரை நினைத்து இப்படிக் காத்திருக்கும் நிலைக்கு உளவியலில் தெளிவற்ற இழப்பு என்று பெயர். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களைப் பார்த்து பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் வகுத்தது. ஆள் இல்லை, சாவும் உறுதியில்லை, எனவே துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இந்த நிலையில் இருப்பவரிடம் 'ஏற்றுக்கொள், முன்னே போ' என்பது கொடுமை என்று அவர் சொல்கிறார். உடல் கிடைக்காதவரையில் அந்த மனம் இரண்டு பக்கமும் நிற்பது நோய் அல்ல.

எங்களிடம் இது அரசியலும்கூட. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால் உதவி கிடைக்கும் என்று சொன்னபோது எத்தனையோ தாய்மார் மறுத்தார்கள். கையெழுத்துப் போட்டால் பிள்ளையைத் தானே சாகடித்தது போலாகும் என்றார்கள். 2016-இல் சட்டத்தைத் திருத்தி 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்ததே இந்த வேதனையால்தான்.

இங்கே பங்குச் சுவாமிமார் ஒரு விடயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. இறந்தோருக்கான பூசையில் காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரை வாசித்துவிட்டால் அந்தத் தாய் எழுந்து போய்விடுவார். வாசிக்காமல் விட்டால் தன் பிள்ளையைக் கோயிலும் மறந்துவிட்டது என்பார். உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அலைவாய்க்கரை

பனங்கூடல், நீங்கள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். எங்களுக்கு நவம்பர் மாதமே கனமானது. 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். கல்லறைகளை வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம், ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு வருவார். மாதத்தின் கடைசி நாள் புனித அந்திரேயா திருநாள், அவரும் மீனவர். அதே தேதியில்தான் எங்களுக்கு ஓகி.

காணாமற்போனவர்களின் மனைவிமார் கல்லறைத் தோட்டத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுச்சிலுவைக்கு அருகில் ஒதுங்கி நிற்பார்கள். மாமனார் கல்லறையில் கணவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறார் ஒருவர். இன்னொருவர் தோட்டத்துக்குள்ளேயே வருவதில்லை, வெளிச்சுவர் ஓரமாகவே நின்றுவிட்டுப் போய்விடுவார். எங்களிடம் மரண அறிவிப்புக்குச் சாதாரணமாக 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓகிக்குப் பிறகு அதுவரை காத்திராமல் அரசு நிவாரணம் கொடுத்தது. பணம் தேவைதான், பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். ஆனால் அந்தப் பணத்தை வாங்கிய நாளில்தான் அவர் இறந்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது என்று அந்த அக்கா சொன்னார்.

பெயர் வாசிப்பதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. எல்லாப் பெயரையும் ஒரே பட்டியலில்தான் வாசிக்கிறோம்.

நேர்ப்பேச்சு

எல்லாரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். கசப்பான ஒன்றையும் பேசாவிட்டால் இந்த இழை முழுமையாகாது. காயப்பட்டவருக்கு அடைக்கலமாக இருக்கும் தகுதி சபைக்குத் தானாக வந்துவிடாது. சபைக்குள்ளேயே காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

என் உறவுப் பெண் ஒருத்தி தன் கணவரின் அடியைப் பற்றி ஜெபக்குழுத் தலைவியிடம் மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் அது ஜெபக்குறிப்பாக எல்லார் வாயிலும் இருந்தது. 'இந்தச் சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்' என்றார்கள், அவள் கணவர் உட்கார்ந்திருந்த கூட்டத்திலேயே. அன்று இரவு அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவள் மறுபடி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமை வெளியே வந்தபோது சபையின் பெயர் கெடக் கூடாது என்று மூடிமறைத்த தலைவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவரைக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில், மணி அடிக்காமல் புதைத்த ஊர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களின் காயத்துக்குக் காரணம் யார்? மனநலக் குழு தொடங்குவதற்கு முன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தேரிக்காட்டு ஆயர்

நேர்ப்பேச்சு கேட்டது நியாயம். மழுப்ப எனக்கு மனம் இல்லை.

முதலில் சட்டம். சிறுவர் மீதான பாலியல் குற்றம் என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றம். சபைக்குள் பேசித் தீர்க்க அதில் எதுவும் இல்லை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் இதை அறிந்திருக்க வேண்டும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து.

அடுத்து இரகசியம். ஒருவர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அடி வாங்கும் பெண்ணையும் அடிப்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் 'சமாதானம்' பேசுவதும் ஆபத்து. அவளுடைய பாதுகாப்பு முதலில்.

தற்கொலையைப் பற்றி: கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய 1917 சட்டத்தொகுப்பு வேண்டுமென்றே தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-இன் புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டமும் முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. சட்டம் மாறியும் ஊர் மாறவில்லை என்றால் அதை மாற்ற வேண்டியது பிரசங்க பீடம். நான் அடக்க ஆராதனை நடத்தும்போது அந்த வீட்டாரை முன்வரிசையில் உட்காரவைப்பேன், மணி அடிக்கச் சொல்வேன், அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பேசுவேன். அவர் எப்படி இறந்தார் என்ற விவரத்தை மேடையில் சொல்வதில்லை.

வாவிக்கரை

மட்டக்களப்பு. சுருக்கமாக ஒன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். பெரியவர்களின் துக்கத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறோம். தப்பிய பிள்ளைகள் சரியாக அழுவதுகூட இல்லை. விளையாட்டில் குண்டு வெடிக்கவைப்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், படுக்கையை நனைப்பார்கள். அதற்குத் திட்டாதீர்கள். அதே ஆசிரியை, அதே பாய், அதே பாட்டு, அதே நேரம் என்று வழக்கத்தைத் திரும்பக் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பெரிய பலம். வரையட்டும், நடிக்கட்டும். 'அவர்கள் பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார்கள், அழாதே' என்று சொல்லாதீர்கள், அழுவது தவறு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். இலங்கையில் இருப்பவர்களுக்கு: தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926.

அலைவாய்க்கரை

எல்லாவற்றையும் அச்செடுத்துப் பேரவைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். தியானத்தை நிறுத்தச் சொல்லவில்லை, விரும்புகிறவர்கள் போகட்டும். ஆனால் அதை மனநலப் பணி என்று அழைக்க வேண்டாம் என்றேன். ஃபாதர் ஒத்துக்கொண்டார்.

அன்பியத்துக்கு இருவராக வீடு சந்திப்பவர்களை, மரியாயின் சேனை என்ற பங்கு பக்தசபையில் ஏற்கெனவே இருவராகப் போகிறவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கிறோம். வாய் இறுக்கமானவர்கள் மட்டும். முதலில் அவர்களுக்குப் பயிற்சி. மாதம் ஒருமுறை மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவர் வந்து அவர்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நவம்பர் முழுக்க மாலைத் திருப்பலியில் திருப்பாடல் 88-ம் (ஆயர் ஐயா சொன்ன சங்கீதம்தான்) புலம்பலும் வாசிக்கப்போகிறோம். மிதந்து வந்தவரிடம் நானே பேசினேன். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். ஆனால் அரை மணி நேரம் பேசினார், நான் எதுவும் கேட்காமலேயே. இதற்குப் பிறகு என்ன செய்வது?

இரவுப்பணி

மறுபடி போங்கள், அவ்வளவுதான் இப்போதைக்கு. அடுத்த வாரம் அதே நேரத்தில், ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்காமல். தூக்கம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தூக்கத்துக்கு மருத்துவரைப் பார்க்க ஆண்கள் ஒத்துக்கொள்வார்கள், மனதுக்கு என்றால் மாட்டார்கள். குடிக்கிறாரா என்று கவனியுங்கள். செத்துப் போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே கூட்டிப்போங்கள். மருந்துச்சீட்டின் பெரியவரைப் போல யாராவது வரிசையில் கூட நிற்கக் கிடைப்பாரா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

பனங்கூடல்

பெயர் வாசிப்பது பற்றி எங்கள் பங்கில் நாங்கள் வந்து சேர்ந்த முடிவைச் சொல்கிறேன். இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்று இறந்தோருக்கு. மற்றது நாங்கள் காத்திருப்போருக்கு, அது மன்றாட்டு நேரத்தில் வாசிக்கப்படும். ஒரு பெயர் எந்தத் தாளில் இருக்க வேண்டும் என்பதை அந்த வீட்டார்தான் சொல்வார்கள், ஒவ்வோர் ஆண்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் தாய் ஒரு தாளிலும் மனைவி மற்றதிலும் எழுதச் சொன்னதுண்டு, இரண்டிலும் எழுதினோம். இதைப் பூசை அறிவிப்பில் கேட்காதீர்கள். ஒக்டோபர் மாதமே ஆள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.